ஓணானுக்குக் காலையில் என்ன நிறம்

ஓணானைக் கண்டதும் தொப்புளைக் கையால் மூடிக்கொண்டு ஓடாதவர்கள் நம் வயதுக்காரர்களில் யாராவது உண்டா? மரத்தில் உட்கார்ந்தபடியே அது தொப்புள் வழியாக நம் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அதன் கழுத்து சிவந்திருந்தால் யாருடைய ரத்தத்தையோ குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பாவாடைக்கும் சட்டைக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரல் அகலம் இடைவெளி விழும். அதனால் எங்கள் வீட்டு முருங்கை மரத்தைத் தாண்டும்போதெல்லாம் வலது கை வயிற்றில்தான் இருக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற சண்டை பயத்தில் பட்டணமே காலியாகி, பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினான்கு. தபாலில் தியாகராய நகர் என்று எழுதினாலும் வாயில் மாம்பலம் என்றுதான் வரும். எங்கள் தெருவில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். விமானத் தாக்குதல் வந்தால் வெளிச்சம் தெரியக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்த பிறகும் அதைப் பிரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜன்னலைச் சாத்தினால் பட்டப்பகலிலும் அறை இருட்டாகிவிடும்.

மார்கழி மாதம் அண்ணனுக்குத் தொண்டை வலி வந்தது. அது போய்ப் பத்துப் பதினைந்து நாளில் முழங்கால் வீங்கியது. முழங்கால் சரியானதும் கணுக்கால். அதுவும் சரியாகி மணிக்கட்டு. வலி இப்படி இடம் மாறிக்கொண்டே போனதால் அப்பா அதை நம்பவில்லை. அவர் துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டிலும் எதையும் எழுத்தில் இருந்தால்தான் ஒப்புக்கொள்வார். "பரீட்சைக்கு முன்னாடி நாள் முழங்கால், பரீட்சை அன்னிக்குக் கணுக்காலா? நல்லா நடிக்கிறான்" என்றார். அண்ணனை நடத்தியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

தை பிறந்து டாக்டர் வந்தார். அண்ணன் மார்பில் குழாயை வைத்தவர், ரயில் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, அது மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டும் வரை காத்திருந்து, மறுபடியும் வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். "தொண்டையில வந்த காய்ச்சல் இருதயத்துக்குப் போயிருக்கு. ஒரு வால்வு கெட்டிருக்கு. மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்க, காத்து வரட்டும்" என்றார். அப்பா அவருடைய பையை வாசல் வரை தூக்கிக்கொண்டு போனார். அதுவரை அப்பா யாருடைய பையையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து மருந்து பாட்டில் உங்களுக்கு நினைவிருக்கும். பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை முடிந்தது. அண்ணனுடைய மிக்ஸ்சர் ரோஜா நிறத்தில் இருக்கும், குடித்தால் காது இரையும் என்பான். கட்டிலை முன்னறை ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தோம். ஜன்னலுக்கு எதிரே சுற்றுச்சுவர், சுவர் மூலையில் முருங்கை. அந்தச் சுவரின் மேல்தான் அந்த ஓணான்.

முதல் வாரம் அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கேட்டான். ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கொடுத்த தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பலகையில் பதித்து, நடுவில் சிவப்புக் கோடு ஏறி இறங்கும். அதை ஜன்னல் கதவில் மாட்டச் சொன்னான். கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தான். நேரம், டிகிரி, நிறம்.

"அது காலையில ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம். கவனிச்சிருக்கியா பாப்பா?" என்று கேட்டான்.

நான் கவனித்ததில்லை. தொப்புளை மூடிக்கொண்டு ஓடுபவள் எப்படிக் கவனிப்பேன்?

கிழக்கு வீட்டு மாடியைத் தாண்டி எங்கள் சுவருக்கு வெயில் வர ஏழரை மணி ஆகும். அதற்கு முன்னால் ஓணான் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். அண்ணன் அதற்குப் 'புளியங்கொட்டை' என்று பெயர் வைத்தான். வெயில் பட்டதும் உடம்பைத் தட்டையாக்கிச் சூரியனுக்குப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும். அரை மணியில் 'மரப்பட்டை'. பிறகு 'மண்'. பத்து மணிக்கு மேல் 'வைக்கோல்'. சாயங்காலம் கடல் காற்று வந்து சூடு தணியும்போது திரும்பவும் மண், மரப்பட்டை. மேகம் மூடிய நாளில் மத்தியானம் வரை மரப்பட்டையிலேயே நின்றுவிடும். சில நாள் காக்கை விரட்டும்; அப்போது எந்தக் கணக்கிலும் சேராமல் திட்டுத்திட்டாக ஆகும். சில நாள் வரவே வராது. அப்போது நிறம் என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதுவான்.

கறுப்பு வெயிலை அதிகமாக வாங்குகிறது என்பது அவன் எண்ணம். அதைச் சோதிக்க இரண்டு தகர டப்பாக்கள் வேண்டியிருந்தன. ஒன்றை நான் சிம்னி விளக்கில் காட்டிக் கரி பிடிக்க வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து விரலை விட்டுப் பார்த்தோம். கரி டப்பா நன்றாகவே சுட்டது. அவன் கண் இரண்டும் விரிந்து அப்படி ஒரு சந்தோஷம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் விளக்கை ஏற்றிக் கரி பிடித்ததற்காக அம்மா என் தலையில் குட்டினாள். அண்ணன் சிரித்ததில் மூச்சு வாங்கியது. அவன் சத்தமாகச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பங்குனியில் வெயில் ஏற ஏற ஓணானின் கழுத்து சிவந்தது. தலையும் தோளும்கூடச் சிவப்பு. அண்ணன் நோட்டில் 'சிவப்பு. சூட்டால் அல்ல. காரணம் தெரியவில்லை' என்று எழுதினான். அதே நாட்களில் அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கண்ணின் கீழ் இமையை டாக்டர் இழுத்துப் பார்த்தபோது உள்ளே வாழைத்தண்டு மாதிரி இருந்தது.

பால்காரர் மாட்டை ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார். நல்ல மனுஷர். அண்ணனுக்கென்று கடைசியில் ஒரு பீச்சு அதிகம் விடுவார். ஒரு நாள் கறந்து முடித்து எழுந்தவர், ஜன்னலுக்குள் அண்ணனையும் சுவர் மேல் ஓணானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ள சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்க்கீது. அது இன்னாடான்னா அங்கியே குந்திக்கினு கெடக்குது. கழுத்தப் பாரு, எம்மாம் சிவப்பு" என்றார்.

அம்மா அன்றைக்கே ஜன்னலைச் சாத்தினாள். அண்ணன் கெஞ்சினான். டாக்டர் திறந்து வைக்கச் சொன்னாரே என்றான். "டாக்டர் வந்து இங்க உட்கார்ந்து பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டு அம்மா கொக்கியையும் மாட்டினாள். கறுப்புக் காகித இருட்டில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. சாயங்காலம் அப்பாவிடம் முறையிட்டான். அவர் என்ன செய்தார் தெரியுமா? "கொஞ்ச நாள் போகட்டும்டா. அம்மாவுக்கு ஒரு நிம்மதி" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "இனிமே நீதான் பாக்கணும். காலையில ஆறரை, எட்டு, பத்து, பன்னெண்டு. சாயங்காலம் அஞ்சு. பொய் சொல்லாம, இருக்கிறதைச் சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். சரியா?"

தெர்மாமீட்டரைத் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினேன். பள்ளிக்கூட நாட்களில் பத்தும் பன்னிரண்டும் விட்டுப்போகும், மற்றபடி தவறமாட்டேன். மூன்று வாரத்தில் எனக்கு ஓணான் பயம் போய்விட்டது. இரண்டு முழம் தள்ளி நின்று அதன் கண்ணைப் பார்ப்பேன். ஒரு நாள் காலை ஆறரைக்கு விரலால் அதன் வாலைத் தொட்டேன். அது ஓடவில்லை. தலையை மட்டும் மெதுவாகத் திருப்பியது. ஓடிவந்து அண்ணனிடம் சொன்னேன். "குளிர்ல அதுக்கு உடம்பு விறைச்சிருக்கும். வெயில் பட்டாத்தான் ஓட முடியும். அதுக்குத்தான் அந்தக் கறுப்பு" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டான். எழுதும்போது நடுவில் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தான்.

ஜன்னலைச் சாத்தியும் அவன் தேறவில்லை. பாதம் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டாக்டர் மிக்ஸ்சரை மாற்றினார். பால்காரர், "அது உசுரோட கீற வரிக்கும் ஜன்னல சாத்தி இன்னாம்மா ஆவப்போவுது? நான் வந்து நாலு நாளா பாக்கறேன், நான் கிட்ட போறதுக்குள்ள ஓடிப்பூடுது" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி, பாதி கல்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முறத்தைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் அரிசியில் விழுந்தது. அம்மா அழுது நான் பார்த்ததில்லை.

"அது எப்ப எங்க இருக்கும்னு உனக்குத் தெரியுமாமே" என்றாள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. தவிர, அண்ணன் செத்துப்போய்விடுவான் என்று எனக்கும் பயமாக இருந்தது. அவனுடைய நோட்டு சொல்வதும் பால்காரர் சொல்வதும் ஒரே நேரத்தில் எனக்குள் உண்மையாக இருந்தன. ஒன்பது வயதில் அப்படி இருக்க முடிகிறது.

"காலையில ஆறரைக்குச் சுவர் மேல இருக்கும். கறுப்பா இருக்கும். அப்ப அதால ஓட முடியாது" என்றேன்.

மறுநாள் பால்காரர் வழக்கத்தைவிட முன்னதாக ஆறரைக்கே வந்து, மாட்டைக் கட்டுவதற்கு முன்பே கழியோடு சுவர்ப் பக்கம் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரே அடிதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கழியின் நுனியால் அதைத் தூக்கி அடுத்த காலி மனையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். அம்மா அவருக்கு ஒரு லோட்டா காப்பி கொடுத்தாள்.

எல்லோரும் உள்ளே போனதும் நான் சுவரைச் சுற்றிக்கொண்டு காலி மனைக்குப் போனேன். அது கோரைப்புல்லில் மல்லாந்து கிடந்தது. குச்சியால் திருப்பி, ஒரு செங்கல் மேல் வைத்தேன். வெயில் வந்தது. முதுகில் நன்றாகப் பட்டது. மரப்பட்டை ஆகும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. செங்கல் சுட்டது. அது புளியங்கொட்டையாகவே இருந்தது.

வீட்டுக்குள் வந்தபோது அண்ணன் நோட்டைத் திறந்து வைத்திருந்தான்.

"ஆறரைக்கு?"

"புளியங்கொட்டை."

"எட்டுக்கு?"

நான் கொடிக்கம்பத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "எண்பத்து ரெண்டு டிகிரி. மரப்பட்டை" என்றேன். அவன் எழுதினான்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். அந்த டிகிரிக்கு அது என்ன நிறத்தில் இருந்திருக்க வேண்டுமோ அதைச் சொல்வேன். வெறும் சுவருக்கு முன்னால் நின்று, நிறத்தை யோசித்து முடிவு செய்வேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் இருந்தது. ஆனாலும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவலைதான் அதைவிடப் பெரிதாக இருந்தது. எதிலும் பிசகக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். அம்மா ஜன்னலைத் திறந்தும் திறக்காமலும் வைத்தாள். ஒரு கதவு மட்டும் ஒரு சாண் அளவு திறந்திருக்கும், அதில் வானம் மட்டும் தெரியும். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் மூன்று தலையணை வைத்து அவனைச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி. கோடை விடுமுறை. நான் போய், "தொண்ணூத்தெட்டு. வைக்கோல்" என்றேன். அவன் பேனாவை எடுக்கவில்லை.

"பாப்பா, இங்க உட்காரு" என்றான். நோட்டைப் புரட்டினான். "பங்குனியில எட்டு தடவை 'இல்லை'ன்னு சொல்லியிருக்கே. ரெண்டு தடவை காக்கா விரட்டுச்சு, நிறம் குழம்பிப்போச்சுன்னு சொல்லியிருக்கே. இந்த ஒரு மாசமா அது ஒரு தடவைகூட எங்கயும் போகல. காக்காவும் வரல. சொல்லிவச்ச மாதிரி மாறுது."

நான் பாவாடை நுனியைப் பிடித்துத் திருகினேன்.

"எப்ப செத்துச்சு?"

தேதியைச் சொன்னேன். பால்காரர் அடித்ததையும் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை."

"ஓடப் பாத்துச்சா?"

"இல்ல."

நோட்டில் அந்தத் தேதியைத் தேடி எடுத்து விரலை வைத்தான். "அந்த நேரத்துல அடிக்கணும்னு அவருக்கு யார் சொன்னது?"

"நான்தான். அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அழுதாங்க" என்றேன். எனக்கும் அழுகை வந்தது.

அவன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதான். அந்த நேரத்துல அதால ஓட முடியாது" என்றான்.

வாழ்க்கையில் நான் வாங்கிய திட்டுகள் எல்லாம் மறந்துவிட்டன. இந்த வார்த்தை மறக்கவில்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை சரி என்று சொல்வது போலச் சொன்னான்.

பிறகு ஸ்கேலை எடுக்கச் சொன்னான். அந்தத் தேதியிலிருந்து நான் சொன்ன ஒவ்வொரு வரியையும் அடிக்க வேண்டும். அவனுக்குக் கையில் அழுத்தம் இல்லை. அவன் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான், நான் கோடு போட்டேன். நான்கு பக்கம் அடித்தோம். டிகிரிகளை மட்டும் விட்டுவைக்கச் சொன்னான். "அது நீ பாத்துச் சொன்னதுதானே" என்றான். முடிந்ததும், "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லாதே. பாவம்" என்றான்.

அதன் பிறகு பதினோரு நாள் இருந்தான். ஒரு பிற்பகல், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, தலையணையில் சாய்ந்தபடியே போய்விட்டான். அப்பாவுக்குத் துறைமுகத்துக்கு ஆள் போய்ச் சொல்லி, அவர் வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. வந்தவர் கட்டிலருகே நின்று, அவன் முழங்காலை, பிறகு கணுக்காலை, பிறகு மணிக்கட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த வருஷமே அடையாற்றுப் பக்கம் வீடு மாறினோம். மாறும்போது தெர்மாமீட்டர் உடைந்தது. நோட்டு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. புதுப் புத்தகம் வாங்கினால் அட்டை போட அம்மா பழைய காகிதத்தைத்தான் கிழிப்பாள், அப்படிப் போயிருக்கலாம். நான் பள்ளி ஆசிரியையாக வேலைக்குப் போன பிறகு, உடன் வேலை செய்த விலங்கியல் ஆசிரியையிடம் ஓணானைப் பற்றி விசாரித்தேன். குளிரில் கறுத்து வெயிலை வாங்கிக்கொள்ளும், உடம்பு சூடானதும் வெளுத்துவிடும் என்றார். சிவப்பு, ஆண் ஓணான் பெண்ணைக் கூப்பிடுவதற்கும் எதிரியை விரட்டுவதற்கும் என்றார். தொண்டைக் காய்ச்சல் எப்படி இருதயத்துக்குப் போகிறது என்பதையும் அவரே விளக்கினார். அதற்கு இப்போது ஊசி இருக்கிறது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அவளுக்கு எண்பது வயதிருக்கும்போது, படுக்கையோடு இருந்தாள், ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் பேரை அவள் எடுத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று, "பால்காரர் சொன்ன அன்னிக்கே அதை அடிச்சிருக்கணும்" என்றாள். "வெறும் ஜன்னலை மூடிட்டு மூணு வாரம் சும்மா இருந்துட்டேன். வாயில்லா ஜீவனாச்சேன்னு யோசிச்சேன். அந்த மூணு வாரத்துல புள்ள உடம்புல ஒண்ணுமில்லாம ஆயிடுச்சு. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

ஐம்பது வருஷமாக அவள் வைத்திருந்தது இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓணானுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், காற்று வராமல் அவள் சாத்திய ஜன்னலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினேன்.

"நீ லேட் பண்ணலம்மா" என்றேன். "சரியான நேரத்துலதான் அடிச்சாங்க."

அவள் தலையை அசைத்தாள். நம்பவில்லை.